விசிட்டராய் வந்த மதினி

எங்க மதினிகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லிப்போடுவா.

கேக்க நல்லாத்தான் இருக்கும். கூட இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. எங்க அண்ணன் அவளைக் கொழும்புல இருந்து கூட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு, தாராவியில எங்க கோலியில கருவாட்டுக் குழம்பு. கோலின்னா என்ன, ஒரே அறை. அதுக்குள்ளதான் அடுப்பு, படுக்கை, சாமி படம் எல்லாம். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும் மட்டும் இருந்த இடத்துல அன்னையில இருந்து நாலு பேரு. புது மருமக சாப்பிடுறதைப் பாத்துக்கிட்டே அம்மா, "குழம்பு எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டா. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறதுதானே! இவ விரலை நக்கி, கண்ணை மூடி யோசிச்சு, "உப்பு கூட, அத்தை"ன்னா.

அம்மா ரெண்டு நாள் அவகூடப் பேசல. மூணாம் நாள் உப்பைக் குறைச்சு வச்சுட்டு, "இப்ப?"ன்னு கேட்டா. "இப்ப புளி கூட."

நான் முந்தானையை வாயில வச்சுச் சிரிச்சேன். அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டான். அவனுக்கு அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரமே விழுந்துச்சு. கொழும்புல ஒரு பலசரக்குக் கடையில மேனேஜரா இருக்கேன்னு எட்டு வருசமா அம்மாவுக்கு எழுதிக்கிட்டிருந்தான். பக்கத்துக் கோலிப் பொம்பளை வந்து, "உம் புருசன் அங்க என்னம்மா வேலை பாத்தாரு?"ன்னு கேட்டதுக்கு இவ, "வெங்காயம் நிறுக்கிற வேலை. நல்லா நிறுப்பார். ஒருநாளும் குறைச்சு நிறுத்தது கிடையாது"ன்னு பெருமையாச் சொன்னா. பெருமையாத்தான் சொன்னா, அதுதான் வேடிக்கை. அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு.

அவ சிங்களத்தி. சொந்த ஊரு மாத்தறை; கொழும்புல கடைக்கு எதிர்வீட்டுல சொந்தக்காரங்ககூட இருந்தவ. தமிழ் பேசப் பழகுனது கடையில. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுனது கடை போர்டுகளைப் பாத்து. ரெண்டு பேரும் கொழும்புலயே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணி ஒரு வருசம் இருந்திருக்காங்க. அப்புறம் இவனுக்கு அந்த ஊர்ல இருக்குறதுக்கான பெர்மிட் முடிஞ்சுபோச்சு. இந்தியாக்காரன் கிளம்புன்னு அங்க சர்க்கார்ல சொல்லிட்டாங்க. கடைக்காரங்க யோசனை சொல்லியிருக்காங்க: "பொண்டாட்டி குடியிருக்க வாரான்னு எழுதுனா வருசக்கணக்கா இழுப்பான். விசிட்டர்னு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போ. அங்க போயி இருக்குறதுக்கு எழுதிப் போட்டுக்கலாம்."

இவ விசா பாரத்தை வச்சுக்கிட்டு கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்துட்டாளாம். "இருக்கத்தானே போறேன். பாக்க வாரேன்னு எப்படி எழுதுறது?" அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி, "சரி, நீ பாக்கத்தான் வா. ஊரு பிடிச்சா இரு, பிடிக்கலன்னா திரும்பிப்போ"ன்னு சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டாளாம். அப்படி மூணு மாச விசிட்டரா வந்தவ. வரும்போது ரெண்டு மாசம் முழுகாமயும் இருந்தா.

வந்தவ சொன்ன சொல்லுக்கு நெசமாவே ஊரைப் பாத்தா. நான் அப்ப சயான் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா, "நங்கி, வா, ஊர் பாக்கணும்"னு என்னை இழுப்பா. நங்கின்னா அவ பாஷையில தங்கச்சி. ஒருநாள் குர்லா வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு, பேச்சு சுவாரசியத்துல செம்பூர்ல போயி இறங்கிட்டோம். கூட்டத்துல டிக்கெட் பாக்குறவரு, "ஹாங் ஹாங், சலோ"ன்னு எங்களைத் தள்ளிவிட்டுக்கிட்டே இருக்காரு. பாக்கக்கூட இல்ல மனுசன். இவ அவரு கையைப் பிடிச்சு நிறுத்தி, டிக்கெட்டைக் காட்டி, "குர்லா, குர்லா. இது செம்பூர்"ங்கா. அவரு என்னைப் பாத்தாரு, இவளுக்கு மூளை சரியில்லையாங்கிற மாதிரி. அபராதம் எழுதத் தோணாம, அவரே கும்பிட்டு அனுப்பி வச்சாரு.

"ஏன் மதினி, அவரு கேக்கவே இல்லையே?"ன்னு நான் சண்டை பிடிச்சேன். அவ அதைக் காதுல போட்டுக்கல. "இந்த ஊர்ல யாரும் யாரையும் முறைச்சுப் பாக்குறதில்ல நங்கி. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் இருக்கேன்"னா. செம்பூர் ஸ்டேசன் வாசல்ல நின்னு சொன்னா. அன்னைக்குத்தான் அவ மனசால விசிட்டர் இல்லாம ஆனது. ஓடி வந்து அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா அவளுக்கு ஒரு கரண்டி சோறு கூடப் போட்டா.

இத்தோட விட்டிருந்தா அவ இங்கேயே இருந்திருப்பா. விட்டாங்களா?

எங்க சனத்துக்கு ஒரு சங்கம் உண்டு. அதுக்கு ஒரு தலைவர். தோல் கட்டு அடுக்கி வைக்கிற கிட்டங்கி வச்சிருந்தாரு; ஊர்ல இருந்து வந்தவங்க பாதிப் பேருக்கு அவருதான் வேலை போட்டுக் குடுத்தது. எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். அண்ணாச்சி ஒருநாள் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "கடலுக்கு அந்தாண்ட ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டா அது கல்யாணமாட்டி? அப்படிப் பாத்தா ரேசன் கார்டு வாங்குறவன் எல்லாம் மாப்பிள்ளைதான். நம்ம சனத்துக்கு முன்னால தாலி ஏறணும். இல்லன்னா உங்க வீட்டுல ஒருத்தன் கை நனைக்க மாட்டான்"னுட்டாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா உடனே தலையாட்டிட்டா.

வேத்து சனத்துப் பொண்ணுன்னா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. எங்க ஆளுகள்ல ஒரு வீட்டுக்கு அவளை மகளா ஆக்கி, புதுசா ஒரு பேரு வச்சு, அந்த வீட்டுல இருந்து பொண்ணழைச்சுக்கிட்டு வருவாங்க. வடாலாவுல பிள்ளை இல்லாத ஒரு புருசன் பொண்டாட்டி அப்பா அம்மாவா நிக்க ஒத்துக்கிட்டாங்க. அண்ணாச்சியே ஒரு பேரு வச்சாரு. பத்திரிகை அடிச்சாங்க: செல்வி இன்னாரு, வடாலா இன்னாருடைய மகள்னு. வயித்துல பிள்ளையோட செல்வி! பெத்தவ வச்ச பேரையும் நான் இங்க சொல்லப்போறதில்ல, இவங்க ஒட்டுன பேரையும் சொல்லப்போறதில்ல. எனக்கு அவ மதினி, அது போதும்.

கோயில்ல தாலி கட்டுறதுக்கு முன்னால, தலைவர் சபையைப் பாத்து, "பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு?"ன்னு மூணு தடவை கேக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க, "எங்க வீட்டுப் பொண்ணு"ன்னு சொல்லணும். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டாரு. வடாலாக்காரரு வாயைத் திறக்கிறதுக்குள்ள இவ நிமிந்து பாத்து அவளோட சொந்த அப்பா பேரைச் சொல்லி, "மாத்தறையில மீன் விக்கிறார்"னா. கோயில் முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சி மட்டும் சிரிக்கல. "பொண்ணுக்கு விவரம் பத்தல"ன்னு சொல்லிட்டு மறுபடியும் முதல்ல இருந்து கேட்டாரு. நான் அவ தொடையைக் கிள்ளிப் பிடிச்சுக்கிட்டேன். அந்தத் தடவை அவ பேசல. அன்னைக்கு நான் கிள்ளுனது எனக்கு இப்பவும் வலிக்குது.

கல்யாணம் முடிஞ்சதும் சங்கத்து லெட்டர்ல, சீல் குத்தி, இந்தத் தேதியில இவனுக்கும் இவளுக்கும் முதல் திருமணம் நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாரு. அண்ணன் அதைப் பொக்கிசமா வாங்கி வச்சுக்கிட்டான்.

விசா முடியுறதுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, இருக்குறதுக்கு எழுதிப் போடணும்னு மாட்டுங்காவுல டைப் அடிக்கிற ஒரு ஐயர்கிட்டப் போனோம். கொழும்பு சர்டிபிகேட்டைக் குடுத்தோம். அதோட அண்ணன் பத்திரிகையையும் சங்கத்து லெட்டரையும் எடுத்து வச்சான். ஐயர் மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்து, "இத்தை எதுக்குப்பா வைக்கறே? கொழும்பு பேப்பரே போறுமே"ன்னாரு. மதினியும், "அது என் பேர் இல்லை, வைக்காதீங்க"ன்னா. அண்ணன் கேட்டாத்தானே! "காகிதம் கூடக்கூடத்தான் சாமி பலம். சீல் எல்லாம் இருக்கு பாருங்க"ன்னு ரெண்டையும் இங்கிலீஷ்ல மாத்தி அடிக்க வச்சுக் கோத்துக் குடுத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கதான் ஆரம்பிச்சது.

கோட்டைப் பக்கம் இருந்த அந்த ஆபீஸுக்கு எங்களை வரச் சொன்னாங்க. அண்ணன் எட்டு வருசம் கொழும்புல இருந்ததுல அவனுக்கு ஹிந்தி வராது. அதனால பேசுறதுக்கு நான் போனேன். ஆபீசர் ஒரு மராத்திக்காரரு, பொறுமையான மனுசன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல ரெண்டு பொண்ணு இருக்காங்களே. ரெண்டு பேரு, ரெண்டு அப்பா, ரெண்டு தேதி. உங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டியா?"ன்னு கேட்டாரு. நான் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிஞ்சது. "எங்க கிராமத்துலயும் இப்படி ஏதாவது உண்டு. நான் நம்புறேன். ஆனா காகிதம் நம்பாது. உங்க சங்கத்துல இருந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க. ரெண்டும் ஒரே பொண்ணு, இங்க நடந்தது சொந்தக்காரங்களுக்காக நடத்துன சடங்குன்னு. நான் மேல அனுப்பிடுறேன்"னாரு.

ஒரு வரி. ஒரே ஒரு வரி.

அன்னைக்குச் சாயங்காலமே கிட்டங்கிக்குப் போனோம், நானும் அண்ணனும் அம்மாவும். அண்ணாச்சி முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, "அப்படி எழுதிக் குடுத்தா என்னல அர்த்தம்? நான் நடத்தி வச்சது நாடகம்னு அர்த்தம். நாளைக்கு ஒரு பய எம் பேச்சைக் கேப்பானா?"ன்னாரு. அண்ணன் காலைப் பிடிக்காத குறை. மனுசன் அசையல. அவரா ஒரு வழி சொன்னாரு: கொழும்புல கல்யாணமே நடக்கல, அந்தச் சர்டிபிகேட் சும்மா காசு குடுத்து எழுதி வாங்குனது, கல்யாணம் ஆகாம வந்து இங்கதான் முறையாக் கட்டிக்கிட்டான்னு சொல்லணும். சாட்சிக்குப் பத்துப் பேரைத் தானே அனுப்புறாராம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அண்ணாச்சி, அவளுக்கு இது அஞ்சாம் மாசம். இங்க தாலி கட்டி ஒரு மாசம்தான் ஆகுது"ன்னேன்.

"ஆபீஸ்ல எவம்ட்டி வயித்தை எண்ணிக்கிட்டு இருக்கான்?"

பேசுதாரே பேச்சு! தன் வீட்டுப் பொம்பளையை அப்படி ஒருத்தன் பேசியிருந்தா நாக்கை அறுத்திருப்பாரு. நான் அம்மாவைப் பாத்தேன். அம்மா தரையைப் பாத்தா. அண்ணனைப் பாத்தேன். அவன் மண்ணு மாதிரி நின்னுட்டு, "வேற வழி இல்லட்டி. அவ இங்க இருக்கணும்ல?"ன்னான்.

அந்த ஒரு வார்த்தையிலதான் நானும் விழுந்தேன். அவ இருக்கணும். என்ன சொன்னாலும் சரி, அவ எங்ககூட இருக்கணும். மதினிகிட்ட அம்மாவும் அண்ணனும் மூணு நாள் மாறி மாறிச் சொன்னாங்க. அவ சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அவ என்னத்தையும் சொல்லிட்டுப் போறா. அவ தமிழ்லதானே பேசுவா, ஹிந்தியில சொல்லப்போறது நீதானே?"ன்னான்.

மறுபடியும் அந்த ஆபீஸ். மதினி வயித்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஆபீசர் அவளுக்குத் தண்ணி கொண்டுவரச் சொன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "கேளு. இந்தியாவுக்கு வரும்போது இவளுக்குக் கல்யாணம் ஆயிருந்ததா?"ன்னாரு. நான் கேட்டேன். மதினி, "ஓம். கொழும்புல. ஒரு வருசம் முன்னமே"ன்னா.

நான் ஆபீசர் பக்கம் திரும்பி, "இல்லை சாப். இங்கதான் ஆச்சு"ன்னு ஹிந்தியில சொன்னேன்.

குழாயடியில மூணு மாசம் தண்ணி பிடிச்சவளுக்கு ஹிந்தி வராதுன்னு நாங்க நினைச்சோம் பாருங்க! அவ என் முகத்தையே பாத்தா. கோபம் இல்ல, ஆச்சரியம்தான். அப்புறம் அவரைப் பாத்து, "சாப், யே ஜூட். ஷாதி பஹலே. கொழும்பு மே"ன்னா. இது பொய், கல்யாணம் முதல்லயே ஆச்சுன்னு.

ஆபீசர் பேனாவை மூடி வச்சுட்டாரு. "நான் கேட்டது ஒரு வரி. நீங்க எனக்குப் பொய்யைக் கொண்டுவந்து குடுத்திருக்கீங்க. இனிமே நான் எதை நம்பி மேல அனுப்ப?"ன்னாரு. என்னைத்தான் சொன்னாரு, அவளை இல்ல. அவகிட்ட, தங்கச்சியைக் கூப்பிடுற மாதிரி, "பஹன், நீ இப்ப ஊருக்குப் போ. அந்த வரியை வாங்கி, உன் புருசன் இங்க இருந்து முறையா எழுதிப் போடட்டும். நீ பொண்டாட்டின்னே போட்டு வரலாம்"னு மெதுவாச் சொன்னாரு. அதை நான் ஒரு எழுத்துக்கூட மாத்தாமச் சொன்னேன்.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நான் அழுதுக்கிட்டே கத்துனேன். "உன்னை இங்க வச்சுக்கத்தானே மதினி இவ்வளவும்? ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

அவ என் கண்ணைத் துடைச்சுவிட்டா. "நங்கி, நீ சொன்னது உண்மைன்னா, இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை?"ன்னு கேட்டா.

பஸ் வந்ததும் நான் அவ கையைப் பிடிச்சு ஏத்திவிட்டேன்.

தேதி முடிஞ்ச அன்னைக்கு அவ கிளம்புனா. அப்ப தனுஷ்கோடி இருந்துச்சு. அங்க போய்க் கப்பல் ஏறணும். ஆறாம் மாச வயித்தோட ரயில் ஏறுனவகூட, புருசங்காரன் போரிபந்தர் ஸ்டேசன் வரைக்கும்தான் வந்தான். லீவு இல்லையாம். வேலை, அண்ணாச்சி கிட்டங்கியில போட்டுக் குடுத்த வேலை. மதராஸ் வரைக்கும் போன ஒரு குடும்பத்துகிட்டச் சொல்லி அனுப்பினோம். "ரெண்டே மாசம். எழுதிப்போட்டு உன்னைக் கூப்பிட்டுக்கிடுதேன்"னு அண்ணன் சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். அவ நம்புனா. பொய் சொல்லத் தெரியாதவளுக்கு அடுத்தவன் பொய்யும் தெரியாது போல.

அவன் எழுதிப் போடல. அண்ணாச்சி வரி குடுத்தாத்தானே போட முடியும்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சான். அம்மாவும் மாறிட்டா. "ஆபீசர் முன்னால நம்மளைக் காட்டிக் குடுத்தவதானே"ன்னு ஆரம்பிச்சா. யாரு யாரைக் காட்டிக் குடுத்தது? பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்குன்னு எழுத்துக்கூட்டி அவளே எழுதுன கடிதாசி வந்துச்சு. அண்ணன் அதை வாசிச்சுட்டு மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வேலைக்குப் போனான்.

பிள்ளைக்கு ஏழு மாசம் இருக்கும்போது, அண்ணாச்சி தன் தங்கச்சி மகளை எங்க அண்ணனுக்குக் கட்டிவைக்கக் கேட்டு வந்தாரு. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா பொண்ணைப் பெத்தவங்க, அவனுக்குத்தான் நம்ம கோயில்லயே ஒரு தாலி கட்டு நடந்துச்சேன்னு இழுத்தாங்க. நியாயம்தானே? அதுக்கு அண்ணாச்சி சங்கத்தைக் கூட்டுனாரு. புத்தகத்துல எழுதி, சத்தமா வாசிச்சு, சீல் குத்தி எங்க வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பி வச்சாரு. அதுல இருந்தது இதுதான்: கொழும்புல இருந்து வந்த பொண்ணுக்கு நம்ம கோயில்ல நடந்தது சொந்தக்காரங்க திருப்திக்காக நடத்துன சடங்கு மட்டும்தான், பேரு வச்சதும் சடங்குக்காகத்தான், அதைத் திருமணமாகச் சங்கம் கணக்குல எடுக்காது.

ஆபீசர் கேட்ட அதே வரி! ஒரு எழுத்துக் குறையல. அவளை இருக்கவைக்க எழுதச் சொல்லிக் கேட்டப்ப மானம் போயிரும்னவரு, அவளைத் துடைச்சு எறிய எழுதும்போது மை தொட்டுத் தொட்டு எழுதியிருக்காரு. கொழும்புல நடந்தது அவருக்குக் கல்யாணம் இல்ல, ஏன்னா இவங்க சாட்சி இல்ல. இங்க நடந்தது கல்யாணம் இல்ல, ஏன்னா அது சடங்கு. அப்ப அந்தப் பிள்ளை வானத்துல இருந்தா விழுந்துச்சு? இவங்க எல்லாம் மனுசங்கதானா?

நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு கிட்டங்கிக்கே ஓடுனேன். அண்ணன் தோல் கட்டுகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தான். "அண்ணே, வரி கிடைச்சிருச்சு. சீலோட கிடைச்சிருச்சு. வா, இப்பவே அந்த ஆபீஸுக்குப் போவோம். கொழும்பு சர்டிபிகேட்டோட இதை வச்சா மதினியும் பிள்ளையும் ரெண்டு மாசத்துல இங்க இருப்பாங்க. அவரே சொன்னாருல்ல?" எனக்கு மூச்சு வாங்குது, சிரிப்பு வேற வருது.

அவன் காகிதத்தை வாங்கி முழுசா வாசிச்சான். ரெண்டு தடவை வாசிச்சான். கண்ணு கலங்குச்சு, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, "பத்திரிகை அடிச்சாச்சேட்டி"ன்னான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்போதே, அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து மதினிக்கு எழுதுனேன். அவ எழுத்துக்கூட்டி வாசிக்கணுமேன்னு ஒவ்வொரு எழுத்தையும் பெருசு பெருசா, தள்ளித் தள்ளி எழுதுனேன். "மதினி, அன்னைக்கு ஆபீஸ்ல நீ சொன்னதை நான் மாத்திச் சொன்னேன். இதை மாத்தாம எழுதுறேன். அண்ணனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அவனைக் காத்துக்கிட்டு இருக்காதே."